சாலை மட்டும் போதுமா? சாய்ந்து படுக்க இடம் வேண்டாமா?

விரைவுச் சாலை ஓய்விடங்கள்: ஒரு கண்ணோட்டம்

நாமக்கல்லில் சரக்கு ஏற்றிக்கொண்டு புறப்படும் லாரி கிருஷ்ணகிரி, பெங்களூர், ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சத்தாரா ஆகிய ஊர்களைக் கடந்து புனேயைத் தொடும்போது டிரைவரின் கண் பாதி மூடியிருக்கும். ஆனால் பயணம் முடியவில்லை. இனிமேல்தான் கண்டாலா மலையிறக்கம் இருக்கிறது. காலை நெரிசல் தொடங்குமுன் கலம்போலிக்கோ வாஷி மார்க்கெட்டுக்கோ நவசேவா துறைமுகத்துக்கோ போய்ச் சேர வேண்டும்.

எங்காவது ஒரு மணி நேரம் வண்டியை ஓரங்கட்டி, முகம் கழுவி, ஒரு டீ குடித்து, காலை நீட்டிப் படுத்தால் நல்லதுதான். ஆனால் எங்கே நிறுத்துவது?

நம் நாட்டில் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்குப் புதிய சாலைகள் போடப்பட்டுவிட்டன. ஆறு வழிச் சாலை, எட்டு வழிச் சாலை என்று பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் அந்தச் சாலையில் போகிறவன் இளைப்பாற இடம் எங்கே என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் முழுமையான பதில் கிடைக்கவில்லை.

புதிய சாலை, புதிய பிரச்சினை

பழைய நெடுஞ்சாலைகளில் இந்தப் பிரச்சினை இந்த அளவுக்கு இருந்ததில்லை. சாலை ஊருக்குள் நுழைந்து வெளியே போகும். ஊர் எல்லையில் ஒரு டீக்கடை, ஒரு பஞ்சர் கடை, ஒரு தாபா தானாகவே முளைத்துவிடும். தாபா வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டிருக்கும். தொட்டியில் தண்ணீர் நிறைந்திருக்கும். டிரைவரும் கிளீனரும் குளித்து, சாப்பிட்டு, அங்கேயே கண்ணயர்ந்து போவார்கள். கட்டிலுக்கு வாடகை கிடையாது. சாப்பிட்டதற்குக் காசு கொடுத்தால் போதும்.

விரைவுச் சாலை அப்படிப்பட்டதல்ல. இரு பக்கமும் வேலி போட்டு, ஊர்களைத் தவிர்த்து, குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே நுழையவும் வெளியேறவும் வழி வைத்துக் கட்டப்படுவது அது. வேகத்துக்காகவும் பாதுகாப்புக்காகவும் செய்யப்பட்ட ஏற்பாடு. அதில் தவறு சொல்ல முடியாது. ஆனால் வேலி போட்ட அன்றே தாபாவும் டீக்கடையும் வெளியே தள்ளப்பட்டுவிடுகின்றன. அவற்றுக்குப் பதிலாக வேறு ஏற்பாட்டைச் சாலை போடுகிறவர்கள்தான் செய்து தர வேண்டும். செய்யாவிட்டால், வேலிக்குள் நுழைந்தவன் மறுமுனை வரை போயே தீர வேண்டும்.

மும்பை - புனே அனுபவம்

இந்தியாவின் முதல் ஆறு வழி கான்கிரீட் விரைவுச் சாலை மும்பைவாசிகளுக்கு நன்கு பழக்கமானது. கலம்போலியில் தொடங்கி புனேக்கு அருகே கிவளேயில் முடியும் மும்பை - புனே விரைவுச் சாலையின் நீளம் 94.5 கி.மீ. மராட்டிய மாநில சாலை வளர்ச்சிக் கழகம் இதைக் கட்டியது. பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டு, 2002-ம் ஆண்டில் முழுப் பயன்பாட்டுக்கு வந்தது. இரு சக்கர வண்டி, ஆட்டோ, டிராக்டர் ஆகியவற்றுக்கு இதில் இடமில்லை.

இந்த மலைப்பாதையில் பயணிகள் நின்று இளைப்பாறுவது புதிதல்ல. கண்டாலா மலையில் 1830-ம் ஆண்டில் வண்டிப் பாதை திறக்கப்பட்டது. 1863-ல் ரெயில் பாதை வந்தது. மலையேற்றத்துக்குத் துணை என்ஜின் மாட்டுவதற்காக ரெயில்கள் கர்ஜத்தில் நிற்கத் தொடங்கின. என்ஜின் மாட்டும் நேரத்தில் பயணிகளுக்குப் பசி எடுத்தது. கர்ஜத் ஸ்டேஷன் வடை புகழ்பெற்ற கதை அதுதான். வண்டி எங்கே நின்றாக வேண்டுமோ, அங்கே உணவும் தண்ணீரும் வந்து சேர்ந்துவிடும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

விரைவுச் சாலையிலும் அதே கதைதான் வேறு வடிவில் நடந்தது. சுங்கம் கட்ட காலாப்பூரிலும் தளேகாவ் அருகிலும் வண்டிகள் நின்றாக வேண்டும். அந்தப் பகுதிகளில் 'புட் மால்' என்ற பெயரில் பெரிய உணவு வளாகங்கள் எழுந்தன. வடா பாவ், இட்லி, தோசை, காபி, லோனாவாலா சிக்கி என்று எல்லாம் கிடைக்கிறது. பெட்ரோல் பங்க் உண்டு. கழிப்பறை உண்டு. மின்சார கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் வசதியும் வந்துவிட்டது. சனி, ஞாயிறுகளில் கால் வைக்க இடம் இருக்காது.

ஆனால் இவை பெரும்பாலும் யாருக்காக? காரில் வரும் குடும்பத்துக்காக. பஸ்சில் வரும் பயணிக்காக. பதினான்கு சக்கர லாரியை ஓட்டி வருகிறவன் அந்தக் கூட்டத்தில் எங்கே நிறுத்துவான்? நிறுத்தினாலும் அங்கே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் செலவு அவனுடைய பேட்டாவுக்குக் கட்டுப்படியாகுமா? இந்தக் கேள்விகளை எழுப்பாமல் இருக்க முடியாது.

ஓரத்தில் நிற்கும் எமன்

இடம் கிடைக்காத லாரி சாலையோரத்தில் நிற்கிறது. பின்னால் வேகமாக வரும் கார், இருட்டில் அதைக் கவனிக்காமல் மோதுகிறது. மும்பை - புனே சாலையில் 2016-ம் ஆண்டில் மட்டும் 151 பேர் விபத்துகளில் மாண்டனர். அரசும் ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து உயிர்ப்பலியை அறவே ஒழிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கின. ஓரத்தில் நிற்கும் வண்டிகள் மீது பின்னால் வரும் வண்டிகள் மோதுவது முக்கியக் காரணங்களில் ஒன்று என்பது அப்போது தெளிவாயிற்று.

நாடு முழுவதும் இதே நிலைதான். 2022-ம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் உயிரிழந்தனர். இவர்களில் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளிலும் விரைவுச் சாலைகளிலும் இறந்தவர்கள். நாட்டிலுள்ள மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளின் பங்கு நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று மட்டுமே. ஆனால் சாவில் அவற்றின் பங்கு நூற்றுக்கு 36. எல்லாச் சாவுக்கும் தூக்கக் கலக்கமே காரணம் என்று சொல்ல முடியாது. அதிவேகம், குடி, தவறான திசையில் வருவது எனப் பல காரணங்கள் உண்டு. ஆனாலும் களைப்பு என்பது போலீஸ் பதிவேட்டில் எளிதில் இடம் பெறாத காரணம். இறந்துபோன டிரைவரிடம், தூங்கினாயா என்று யார் கேட்பது?

சம்ருத்தி சாலை சொல்லும் பாடம்

மும்பையையும் நாகபுரியையும் இணைக்கும் 701 கி.மீ. சம்ருத்தி நெடுஞ்சாலை இந்த விஷயத்தில் எல்லோருக்கும் பெரிய பாடம்.

நாகபுரியிலிருந்து ஷீரடி வரையுள்ள 520 கி.மீ. பகுதி 2022 டிசம்பர் 11-ந் தேதி திறந்து வைக்கப்பட்டது. கடைசிப் பகுதியான இகத்புரி - ஆமணே 76 கி.மீ. பாதை 2025 ஜூன் 5-ந் தேதி திறக்கப்பட்டதுடன் சாலை முழுமை பெற்றது. சாலையின் தரத்தைப் பாராட்டாதவர் இல்லை. ஆனால் முதல் பகுதி திறந்தபோது, சில பெட்ரோல் பங்குகளைத் தவிர, வழியில் முறையான ஓய்விடம் என்று சொல்லத்தக்க வசதிகள் தயாராகவில்லை. உணவு, கழிப்பறை, வண்டி பழுது பார்க்கும் இடம் ஆகியவை பின்னால் வரும் என்றார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விபரீதம் புரியும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் லாரிக்கு 520 கி.மீ. கடக்க ஆறரை மணி நேரம் ஆகும். வளைவு இல்லை, ஊர் இல்லை, மரம்கூட அதிகம் இல்லை. நேர்கோட்டில் ஒரே மாதிரியான கான்கிரீட்டைப் பார்த்துக்கொண்டே போனால் விழித்திருக்கும்போதே மனம் மயங்கிவிடும் என்கிறார்கள் சாலை நிபுணர்கள்.

2023 ஜூலை 1-ந் தேதி நள்ளிரவு தாண்டிய நேரத்தில், புல்தானா மாவட்டம் சிந்துகேட்ராஜா அருகே நாகபுரியிலிருந்து புனேக்குச் சென்ற தனியார் பஸ் கவிழ்ந்து தீப்பிடித்தது. 25 பயணிகள் கருகி மாண்டனர். அதே ஆண்டு அக்டோபர் 15-ந் தேதி வைஜாபூர் அருகே, நின்றுகொண்டிருந்த லாரி மீது வேன் மோதி 12 பேர் பலியாயினர். அந்த லாரி சோதனைக்காக நிறுத்தப்பட்டது என்று புகார் எழுந்தது. முதல் விபத்தின் காரணம் பற்றியும் வேறுவேறு கருத்துகள் கூறப்பட்டன. எனவே இவற்றை ஓய்விடப் பிரச்சினையுடன் அப்படியே முடிச்சுப் போடுவது சரியல்ல. ஆனால் ஒன்று நிச்சயம். விரைவுச் சாலையில் வண்டி ஓடலாம், அல்லது அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் நிற்கலாம். இரண்டுக்கும் நடுவே ஓரத்தில் நிற்பது, எந்தக் காரணத்துக்காக ஆனாலும், உயிருக்கு ஆபத்து.

சட்டம் ஒன்று, சாலை வேறு

சட்டத்தில் குறை இல்லை. 1961-ம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்று வரையறுத்தது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் குறைந்தது அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும் என்றும், இரவில் தங்க வேண்டிய இடங்களில் முதலாளி ஓய்வறை அமைத்துத் தர வேண்டும் என்றும் விதித்தது. அந்தச் சட்டம் 2020-ல் நிறைவேறிய புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் சேர்க்கப்பட்டது. தொகுப்பு 2025 நவம்பர் 21-ந் தேதி முதல் அமுலுக்கு வந்தது.

அறுபது ஆண்டுகளுக்கு மேல் சட்டப் புத்தகத்தில் இருந்த அந்த அரை மணி ஓய்வை, ஆறரை மணி நேரச் சாலையில் எங்கே எடுத்துக்கொள்வது? ஒரு கையால் சட்டம் போட்டுவிட்டு, மறு கையால் அதைக் கடைப்பிடிக்க முடியாத சாலையைப் போடுவது என்ன நியாயம்?

ரெயில்வேயில் இப்படி நடக்காது. என்ஜின் டிரைவரும் கார்டும் வண்டியை ஒப்படைக்கும் ஊரில் 'ரன்னிங் ரூம்' இருக்கும். படுக்கை இருக்கும். சமைத்துத் தர ஆள் இருக்கும். அடுத்த வண்டிக்கு நேரமானதும் எழுப்பிவிடவும் ஆள் உண்டு. இதை யாரும் சலுகை என்று நினைப்பதில்லை. தண்டவாளம், சிக்னல் மாதிரி ரன்னிங் ரூமும் ரெயில் ஓடுவதற்கு வேண்டிய உறுப்பு. லாரி டிரைவர் ஓட்டுவதும் இருபது, முப்பது டன் எடையுள்ள வண்டிதான். அவனுக்கு மட்டும் ஸ்டீயரிங்கே தலையணை.

வெளிநாட்டில் எப்படி?

பிரிட்டனில் லண்டனுக்கு வடக்கே செல்லும் 'எம்-1' சாலை 1959 நவம்பர் 2-ந் தேதி திறக்கப்பட்டது. அன்றைக்கே 'வாட்போர்டு கேப்' என்ற இடத்தில் ஓய்விடமும் திறக்கப்பட்டது. கட்டிடம் முடியவில்லை. ஆனாலும் சாலை திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், தற்காலிகக் கொட்டகை போட்டு உணவு விற்றார்கள். இன்று அந்நாட்டில் இத்தகைய ஓய்விடங்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன.

ஒரு ஓய்விடத்துக்கும் அடுத்த ஓய்விடத்துக்கும் இடையே 28 மைல் அல்லது அரை மணி நேரப் பயணத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அங்குள்ள நெறி. ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். கழிப்பறைக்குக் கட்டணம் கூடாது. இரண்டு மணி நேரம் வரை வண்டி நிறுத்தவும் கட்டணம் கிடையாது. உணவு விலை அதிகம் என்ற புகார் அங்கும் உண்டு. ஆனால் காசில்லாதவனும் வண்டியை நிறுத்தி, கழிப்பறை போய், கொஞ்சம் கண்ணை மூடிவிட்டுப் போகலாம். அந்த உரிமை விதியில் எழுதப்பட்டிருக்கிறது.

ஜப்பானில் 1993 முதல் 'மிச்சி நோ எக்கி' என்ற ஏற்பாடு இருக்கிறது. 'சாலை நிலையம்' என்பது அதன் பொருள். சாதாரணச் சாலைகளில் உள்ள இந்த நிலையங்களில் கழிப்பறையும் வண்டி நிறுத்துமிடமும் இரவு பகலாகத் திறந்திருக்கும். சுற்று வட்டார விவசாயிகள் தங்கள் காய்கறியையும் கைவினைப் பொருளையும் அங்கேயே விற்கிறார்கள். சாலை வந்ததால் நிலம் இழந்த கிராமத்துக்கு, அதே சாலையால் பிழைப்பும் கிடைக்கிறது.

நமக்குத் தெரியாத விஷயமா?

வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது நமக்கு யாரும் கற்றுத் தர வேண்டியதல்ல. ஷெர்ஷா தம் ஐந்தாண்டு ஆட்சியில் பெருவழிகளில் இரண்டு குரோசத்துக்கு ஒன்று வீதம் சராய்கள் அமைத்தார் என்பது சரித்திரம். மதுரை ரெயில் நிலையத்துக்கு எதிரே ராணி மங்கம்மாள் சத்திரத்தை இன்றும் காணலாம். தஞ்சை மராட்டிய மன்னர்கள் ராமேஸ்வரம் செல்லும் வழி நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். தலைச்சுமைக்காரன் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்கவும், தானே மறுபடி தூக்கிக்கொள்ளவும் சுமைதாங்கிக் கல் நட்டு வைத்தது தமிழ்நாட்டுக் கிராமம்.

சுதந்திர இந்தியாவிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1970-களில் ஹரியானா மாநிலம் டில்லியிலிருந்து பிரியும் நெடுஞ்சாலைகளில் பறவைகளின் பெயர் சூட்டி அழகான ஓய்விடங்களை அமைத்தது. மற்ற மாநிலங்கள் அதைப் பின்பற்றின. ஆனால் அவையும் காரில் வரும் சுற்றுலாப் பயணிகளை நினைத்துக் கட்டப்பட்டவையே.

தேசிய நெடுஞ்சாலை ஆணையம் 2021-ல் ஒரு பெரிய திட்டத்தை அறிவித்தது. ஐந்து ஆண்டுகளில் 22 மாநிலங்களில் 600-க்கும் மேற்பட்ட இடங்களில், 30 முதல் 50 கி.மீ.க்கு ஒன்று வீதம் ஓய்விடம் என்பது திட்டம். இதில் லாரிகளுக்குத் தனிப் பகுதி, டிரைவர்களுக்குப் படுக்கைக் கூடம், குளியலறை, சமைக்கவும் துணி துவைக்கவும் இடம், வைத்திய வசதி ஆகியவை சேர்க்கப்பட்டன. 2024 பிப்ரவரியில், முதல் கட்டமாக டிரைவர்களுக்கு 1,000 நவீன ஓய்விடங்கள் அமைக்கப்படும் என்று பிரதமர் அறிவித்தார். 2024 அக்டோபரில் 'ஹம்சபர்' என்ற கொள்கை வெளியிடப்பட்டது. சுத்தமான கழிப்பறை, குழந்தைக்குப் பாலூட்ட அறை, ஊனமுற்றோருக்குச் சக்கர நாற்காலி ஆகியவற்றை அது வலியுறுத்துகிறது.

எண்ணெய்க் கம்பெனிகள் பெட்ரோல் பங்குகளை ஒட்டி 'அப்னா கர்' என்ற பெயரில் லாரி டிரைவர்களுக்கு ஓய்வகங்கள் கட்டி வருகின்றன. 2025 ஜூலை 1 நிலவரப்படி 368 இடங்களில் 4,611 படுக்கைகள் தயாராயின. நல்ல தொடக்கம்தான். ஆனால் தேசிய நெடுஞ்சாலைகளின் நீளம் சுமார் 1 லட்சத்து 46 ஆயிரம் கி.மீ. வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 400 கி.மீ.க்கு ஒரு ஓய்வகம். ஒவ்வொன்றிலும் 12 அல்லது 13 படுக்கை. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதுதான்.

தடை என்ன?

ஓய்விடம் கட்ட முன்வரும் தனியார் நிறுவனம் அரசுக்குக் குத்தகைப் பணம் கட்டுகிறது. அந்தப் பணத்தைக் கடைக்காரரிடம் வாடகையாக வசூலிக்கிறது. கடைக்காரர் அதை டீ விலையில் ஏற்றுகிறார். வேலிக்கு வெளியே வேறு கடைக்குப் போகவும் பயணிக்கு வழியில்லை. அதிகமாகச் செலவழிக்கிறவனுக்கே முன்வரிசை இடம் என்பது வியாபார நியதி. படுக்கைக் கூடத்தால் லாபம் இல்லை. ஆகவே வரைபடத்தில் இருக்கும் படுக்கைக் கூடம் கட்டிடத்தில் கடைசியாக வருகிறது.

நிறுவனத்தார் தரப்பிலும் நியாயம் உண்டு. நிலத்துக்கும் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் ஆகும் செலவு குறைவல்ல. வண்டிப் போக்குவரத்து பெருகும்வரை நஷ்டத்தைத் தாங்க வேண்டும். இரவு நேரப் பாதுகாப்புக்கும் ஆள் வைக்க வேண்டும். இதற்கெல்லாம் பரிகாரம், குத்தகைப் பணத்தை வருமானமாகப் பார்க்கும் மனப்பான்மையை அரசு விடுவதுதான். சாலைக்குச் சுங்கம் வசூலாகிறது. ஓய்விடம் அந்தச் சாலையின் ஒரு பகுதி. அதற்கான செலவில் ஒரு பங்கை அந்தச் சுங்கத்திலிருந்தே ஏற்பதில் என்ன தவறு?

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஓய்விடம் தயாராகாத விரைவுச் சாலையைத் திறக்கக் கூடாது. அவசரம் என்றால் 1959-ல் ஆங்கிலேயன் செய்தது போலக் கொட்டகையாவது போட வேண்டும்.

இரண்டாவதாக, கழிப்பறை, குடிநீர், லாரி நிறுத்துமிடம் ஆகிய மூன்றும் எல்லா ஓய்விடங்களிலும் இலவசம் என்று விதி செய்ய வேண்டும். பெண்களுக்கான கழிப்பறைக்கு வெளிச்சமும் காவலும் அவசியம். ரெயிலில் இடம் கிடைக்காமல் கோடை விடுமுறையில் காரில் ஊருக்குப் புறப்படும் மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் பெண்களும் முதியோரும் வழியில் தண்ணீர் குடிக்கவே அஞ்சுகிறார்கள் என்பதை மறுக்க முடியாது.

மூன்றாவதாக, டிரைவருக்குக் கட்டுப்படியாகும் விலையில் சாப்பாடும் படுக்கையும் தரும் பகுதியைக் குத்தகை நிபந்தனையாக்க வேண்டும். விலைப் பட்டியலை வாசலில் எழுதி வைக்க வேண்டும். நிலம் கொடுத்த கிராமத்தாருக்கும் மகளிர் குழுக்களுக்கும் சில கடைகளை ஒதுக்கலாம்.

நான்காவதாக, லாரி முதலாளிகளுக்கும் பொறுப்பு உண்டு. இத்தனை மணிக்குச் சரக்கு வந்தாக வேண்டும் என்று கெடு வைத்துவிட்டு, ஓய்வறை கட்டினால் மட்டும் டிரைவர் அதில் படுக்க மாட்டான். நீண்ட தூரத்துக்கு இரண்டு டிரைவர் என்ற பழைய வழக்கம் ஆள் பற்றாக்குறையாலும் செலவுக்கு அஞ்சியும் குறைந்து வருகிறது. அதை மீண்டும் கொண்டுவர வேண்டும்.

2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக லாரிகளின் டிரைவர் அறைக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம் என்று மத்திய அரசு உத்தரவிட்டது. ஓட்டுகிறவனும் மனிதன் என்பதை ஏற்றுக்கொண்ட உத்தரவு அது. வண்டிக்குள்ளே காட்டிய அந்த அக்கறையை வண்டிக்கு வெளியேயும் காட்ட வேண்டும்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளும், நாமக்கல் கியாஸ் டேங்கர்களும், சங்ககிரி லாரிகளும் ஓடாத மாநிலம் இந்தியாவில் இல்லை. மும்பையில் எரியும் அடுப்புக்கும், கொதிக்கும் உலைக்கும் பின்னால் எங்கோ ஒரு சாலையில் கண் விழித்து ஓட்டிவந்த ஒரு டிரைவர் இருக்கிறார். தலைச்சுமைக்காரனுக்குக் கல் நட்டு வைத்த நாடு, இருபது டன் சுமையோடு வருகிறவனுக்கு ஒரு கட்டில் போட முடியாத நாடாகிவிடக் கூடாது.